லேப் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது. எம்டிஎஸ், டிவிடி எல்லாவற்றையும் எம்பி4 ஆக்க வேண்டும்

கணக்கு டீச்சர் | திங்கள், இரவு 9:40

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எங்கள் தலைமையாசிரியர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். வெள்ளிக்கிழமை மதியம் பாராட்டு விழா. பழைய ஆண்டு விழா, விளையாட்டு விழா வீடியோக்களில் சார் வருகிற இடங்களை மட்டும் எடுத்து இருபது நிமிடம் ஓட்டலாம் என்று ஆசிரியர் அறையில் பேசி முடித்தார்கள். "கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க நீங்கதானே டீச்சர்" என்று வேலை என் தலையில் விழுந்தது. எக்செல்லில் மதிப்பெண் பட்டியல் போடத் தெரியும். என் கம்ப்யூட்டர் ஞானம் அதோடு சரி.

கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 2009, 2011 ஆண்டு விழா டிவிடிகள் இரண்டு. அப்புறம் 2013 விளையாட்டு விழா. அது யாரோ ஹேண்டிகேமில் எடுத்து அப்படியே ஃபோல்டராகக் கொடுத்தது. உள்ளே 00000, 00001, 00002, 00003 என்று நான்கு எம்டிஎஸ் ஃபைல். முதல் மூன்றும் ஏறக்குறைய 2 ஜிபி, கடைசி மட்டும் 900 எம்பி. போட்டுக் காட்டப்போவது ஹாலில் இருக்கிற ஸ்மார்ட் போர்டில். பென்டிரைவை அதில் செருகினால் எம்பி4 மட்டும் ஓடுகிறது. எம்டிஎஸ் பெயரே பட்டியலில் வருவதில்லை.

வீட்டு லேப்டாப்பை மகன் நேற்று சாயங்காலம் திருச்சி ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்விட்டான். அவன் கிளம்புவதற்கு முன் "இலவசம்" என்று போட்டிருந்த ஒரு கன்வெர்ட்டரை இறக்கி முயன்று பார்த்தேன். ஒரு மணி நேரம் ஓடியது. திறந்தால் முதல் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது, அதிலும் சாரின் முகத்துக்குக் குறுக்கே அந்த சாஃப்ட்வேரின் பெயர் சாய்வாக அச்சடித்திருக்கிறது. மீதி வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டுமாம். இணையத்திலேயே மாற்றித் தருகிற தளம் ஒன்றையும் பார்த்தேன். பள்ளி இணைப்பில் ஒரு ஃபைல் ஏறவே ஆறு மணி நேரம் என்று காட்டியது.

இப்போது இருப்பது பள்ளி லேப் கம்ப்யூட்டர்தான். ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. அது எங்கள் யாரிடமும் இல்லை. பென்டிரைவிலிருந்து அப்படியே ஓடுகிற, வேகமாக முடிக்கிற ஏதாவது உண்டா? கருப்புத் திரையில் எழுத்து தட்டுவது மட்டும் வேண்டாம், பயமாக இருக்கிறது.

ஒருவரி | திங்கள், இரவு 9:52

எஃப்எஃப்எம்பெக் இறக்குங்கள். சி காப்பி போடுங்கள். நாலு நிமிட வேலை.

கணக்கு டீச்சர் | திங்கள், இரவு 10:05

நன்றி. சி காப்பி என்றால் சி டிரைவுக்குக் காப்பி செய்வதா? லேபில் சி டிரைவும் பூட்டித்தான் கிடக்கிறது.

பழைய ஹேண்டிகேம் | திங்கள், இரவு 11:20

ஒருவரி சொன்னது சரிதான் டீச்சர், ஆனால் அவர் பாணியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நான் கும்பகோணத்தில் 2003லிருந்து கல்யாண வீடியோ எடுப்பவன். 2012 வைகாசியில் அடுத்தடுத்து நாலு கல்யாணம். கேசட் கேமராவை விட்டு அப்போதுதான் மெமரி கார்டு கேமராவுக்கு வந்திருந்தேன். அது கொடுக்கிற எம்டிஎஸ்ஸை என் மிக்ஸிங் மெஷின் ஏற்கவில்லை. ஒரு கன்வெர்ட்டரைப் போட்டு ஒவ்வொன்றாக ஏவிஐ ஆக்கினேன். ஒரு கல்யாணத்துக்கு ஒரு ராத்திரி. அந்த வருஷம் மின்வெட்டு டெல்டாவில் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். 80 சதவீதம் ஓடியிருக்கும், கரண்ட் போய்விடும், மறுபடி பூஜ்யத்திலிருந்து. இவ்வளவு பாடுபட்டு டிவிடி கொண்டுபோய்க் கொடுத்தால் பெண்ணின் அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, ஜரிகையெல்லாம் சோப்பு நுரை மாதிரி இருக்கு?" பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த ராத்திரிகள் எதுவுமே தேவையில்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். எம்டிஎஸ், எம்பி4, எம்கேவி, ஏவிஐ இதெல்லாம் பாத்திரத்தின் பெயர். உள்ளே இருக்கிற மாவு வேறு. உங்கள் ஹேண்டிகேம் ஃபைலில் உள்ளே இருப்பது எச்.264, படத்தைச் சுருக்கி வைக்கிற ஒரு முறை. ஸ்மார்ட் போர்டில் நன்றாக ஓடுகிற எம்பி4-க்குள்ளேயும் அநேகமாக அதே எச்.264தான். ஆகவே மாவைத் தொட வேண்டாம், பாத்திரம் மாற்றினால் போதும். "சி காப்பி" என்று அவர் சொன்னது அதைத்தான். சி என்றால் கோடெக், அதாவது இந்தச் சுருக்கும் முறை. படத்தை அப்படியே எடுத்து வை, திரும்ப அரைக்காதே என்று அர்த்தம். பிராசஸருக்கு இதில் வேலையே கிடையாது, ஹார்ட் டிஸ்க் படித்து எழுதுகிற வேகம்தான் கணக்கு. படம் ஒரு புள்ளிகூடக் கெடாது. கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதே இல்லை. அரைத்த மாவையே மறுபடி அரைத்து, நேரத்தையும் தின்று, படத்தையும் கலக்கி வைக்கும்.

டிவிடி வேறு கதை. அதற்குள் இருப்பது எம்பெக்-2 என்ற வேறு சுருக்கும் முறை. அதை எம்பி4 பாத்திரத்தில் போட்டாலும் போர்டு ஓட்டுமா என்பது சந்தேகம். அதைத் திரும்ப அரைத்துத்தான் ஆக வேண்டும். அதை நாளை சொல்கிறேன், முதலில் எம்டிஎஸ்ஸை முடியுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன் மீடியாஇன்ஃபோ என்ற சின்ன நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தளத்திலேயே இன்ஸ்டாலர் இல்லாத பதிப்பு கிடைக்கும், அதைத்தான் போர்ட்டபிள் என்பார்கள். ஜிப்பாக வருகிற எதையும் ஜிப்புக்குள்ளேயே இரட்டைச் சொடுக்குப் போட்டு ஓட்டாதீர்கள். வலது சொடுக்கில் எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்து விரித்த பிறகு ஓட்டுங்கள். "போர்ட்டபிள் ஓடவில்லை" என்று எனக்கு வருகிற போனில் பாதி இதுதான். எம்டிஎஸ்ஸை அதன்மேல் இழுத்துப் போட்டால் வீடியோ என்ற இடத்தில் ஏவிசி என்று காட்டும். ஏவிசியும் எச்.264ம் ஒன்றே. ஆடியோ என்ற இடத்தில் ஏசி-3 என்று இருந்தால் கவனம். படம் ஓடும், சத்தம் வராது, பல போர்டுகளில் அப்படி. ஏசி-3, ஏஏசி இரண்டும் சத்தத்தைச் சுருக்கும் முறைகள். அதனால் படத்தைக் காப்பி செய்து, சத்தத்தை மட்டும் ஏஏசி ஆக்குங்கள். சத்தத்தை அரைப்பது கொசுறு வேலை, நேரம் எடுக்காது.

இப்போது கருப்புத் திரை. பயப்பட ஒன்றுமில்லை, மொத்தம் இரண்டே வரி. எஃப்எஃப்எம்பெக் என்பது வீடியோவை மாற்றுகிற இலவச நிரல். அதன் தளத்தில் விண்டோஸ் படத்தை அழுத்தினால் தயாராகக் கட்டி வைத்திருப்பவர்களின் பக்கத்துக்குக் கூட்டிப்போகும். எசென்ஷியல்ஸ் என்று பெயரிட்ட ஜிப்பை எடுங்கள். விரித்தால் பின் என்ற ஃபோல்டரில் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் இருக்கும். அந்த ஒரே ஒரு ஃபைலை, எம்டிஎஸ் நான்கும் இருக்கிற ஃபோல்டரில் கொண்டுவந்து போடுங்கள். பென்டிரைவில் வைத்து வேலை செய்யாதீர்கள், லேபின் டி டிரைவில் செய்யுங்கள். அப்புறம் அந்த ஃபோல்டரின் மேலே முகவரி இருக்கிற கட்டத்தில் சொடுக்கி, சிஎம்டி என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் தட்டி என்டர். கருப்புத் திரை அதே இடத்தில் திறக்கும்.

என் அக்கா மகனுக்குப் போனில் சொல்கிற மாதிரியே சொல்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் வரி, நான்கையும் ஒட்ட: காப்பி, இடைவெளி, சாய்கோடு பி, இடைவெளி, 00000 புள்ளி எம்டிஎஸ், கூட்டல் குறி, 00001 புள்ளி எம்டிஎஸ் என்று நான்கையும் வரிசையாக, நடுவில் இடைவெளி இல்லாமல். கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, ஃபுல் புள்ளி எம்டிஎஸ்.

இரண்டாவது வரி: எஃப்எஃப்எம்பெக், இடைவெளி, ஹைஃபன் ஐ, இடைவெளி, ஃபுல் புள்ளி எம்டிஎஸ், இடைவெளி, ஹைஃபன் சி முக்காற்புள்ளி வி, இடைவெளி, காப்பி, இடைவெளி, ஹைஃபன் சி முக்காற்புள்ளி ஏ, இடைவெளி, ஏஏசி, இடைவெளி, ஃபுல் புள்ளி எம்பி4.

வி என்பது வீடியோ, ஏ என்பது ஆடியோ. அவ்வளவுதான் டீச்சர்.

நெட் சென்டர் | செவ்வாய், காலை 7:15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பத்து வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் என்கிற முறையில் ஒன்று. பள்ளியில் கைமாறி வருகிற பென்டிரைவைத் தயவுசெய்து ஸ்கேன் செய்யாமல் செருகாதீர்கள். ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட் ஆகிப்போகிற வைரஸ் இன்னும் சாகவில்லை. போர்ட்டபிள் நிரல் பென்டிரைவிலேயே குடியிருக்கும். அதில் ஒட்டிக்கொண்டால் செருகுகிற கம்ப்யூட்டருக்கெல்லாம் போகும். இறக்கும்போது பெரிய பச்சை டவுன்லோட் பட்டன் விளம்பரமாகத்தான் இருக்கும், அதை விட்டு நிரலின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். இன்ஸ்டால் வேண்டாம் என்றாலும் லேப் பொறுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பின்னால் பேச்சு வராது.

கணக்கு டீச்சர் | செவ்வாய், மாலை 5:30

லேப் பொறுப்பு அறிவியல் சார். சொல்லிவிட்டேன், கூடவே உட்கார்ந்து பார்த்தார்.

முதல் தடவை நான்கையும் ஒட்டியபோது ஒரு நொடியில் முடிந்துவிட்டது. பரவாயில்லையே என்று பார்த்தால் ஃபுல் என்ற ஃபைல் சில கேபி மட்டும். 6.9 ஜிபி எங்கே போனது என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. பழைய ஃபைல்கள் பத்திரமாக இருந்தன, நல்லவேளை. நீங்கள் சொன்னதை நோட்டில் எழுதி வைத்துத்தான் தட்டினேன். வரிக்கு வரி ஒப்பிட்டால் சாய்கோடு பி-யை விட்டிருக்கிறேன். அதைப் போட்டதும் சரியாக 6.9 வந்தது. அந்த ஒரு எழுத்து என்ன செய்கிறது?

இரண்டாவது வரியைத் தட்டியதும் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. கடைசி வரியில் ஸ்பீட் என்று ஒரு எண் வருகிறதே, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 55 நிமிட வீடியோ நாலரை நிமிடத்தில் முடிந்தது. விநாடிக்கு 17 மெகாபிட் என்று மீடியாஇன்ஃபோ காட்டியது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 2 ஜிபி-க்கு ஏறக்குறைய 16 நிமிடம் வருகிறது. மூன்று ஃபைலும் ஏன் ஒரே நீளம் என்பது அப்போதுதான் விளங்கியது. கேமரா 2 ஜிபி ஆனதும் தானே அடுத்த ஃபைலைத் தொடங்கியிருக்கிறது.

நேற்று ராத்திரி பொறுமையில்லாமல் போனில் பார்த்தபோது 00001 முடிகிற இடத்தில் ஆறாம் வகுப்புக் குழந்தைகள் பாடுகிற பாட்டு ஒரு கணம் விக்கியது. ஒட்டிய ஃபைலில் விக்கலே இல்லை.

இப்போது வேறொரு சிக்கல். ஃபுல் எம்பி4-ஐப் பென்டிரைவில் போட்டால் "ஃபைல் பெரியது" என்று மறுக்கிறது. 32 ஜிபி டிரைவ், காலியாகத்தான் இருக்கிறது.

பழைய ஹேண்டிகேம் | செவ்வாய், மாலை 6:10

சபாஷ் டீச்சர். பி என்றால் பைனரி. அதைப் போடாமல் ஒட்டினால் விண்டோஸ் அதைக் கடிதம் என்று நினைத்துக்கொள்ளும். பழைய காலத்தில் கடிதம் முடிந்தது என்று காட்ட ஓர் எழுத்து வைத்திருந்தார்கள். வீடியோவுக்குள் அந்த எழுத்து எங்கே தட்டுப்படுகிறதோ அங்கேயே நிறுத்திவிடும்.

பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்டக் கூடாது, டிரைவ் எவ்வளவு காலியாக இருந்தாலும். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்தால் ஏறும், ஆனால் போர்டு அதைப் படிக்குமா தெரியாது. உங்களுக்கு அந்த வம்பே வேண்டாம். முழுசாக எதற்கு? வெட்டிய துண்டுகளை மட்டும்தானே கொண்டுபோகப் போகிறீர்கள்.

எடிட் டேபிள் | செவ்வாய், இரவு 8:00

வணக்கம் டீச்சர், சென்னையில் எடிட்டிங் வேலை செய்கிறேன். வெட்டுவதற்கு லாஸ்லெஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் வேண்டாம். ஆரம்பம், முடிவு என்று இரண்டு இடத்தைக் குறித்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் திரும்ப அரைக்காமலே வெட்டித் தரும். உள்ளே வேலை செய்வதும் எஃப்எஃப்எம்பெக்தான், மேலே பட்டன் வைத்திருக்கிறார்கள்.

டிவிடியை எம்பி4 ஆக்க ஹேண்ட்பிரேக் என்ற நிரல். அதற்கும் போர்ட்டபிள் ஜிப் உண்டு. அதில் தரத்துக்கு ஆர்எஃப் என்று ஓர் எண் இருக்கும், 20 வையுங்கள். எண் குறைந்தால் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். ஐ3-யில் இன்டெல் கிராபிக்ஸ் இருப்பதால் குயிக்சிங்க் என்ற என்கோடர் (படத்தை அரைக்கிற பகுதி) தெரியலாம். அதைத் தேர்ந்தால் வேகம் எகிறும். அண்ணே, தப்பா ஏதாவது சொன்னேனா?

பழைய ஹேண்டிகேம் | செவ்வாய், இரவு 8:20

தப்பில்லை தம்பி. குயிக்சிங்க் வேகம்தான். ஆனால் அதே ஃபைல் அளவுக்குள் எச்.264 ஆக்குகிற சாதாரண என்கோடரான எக்ஸ்264 கொடுக்கிற சுத்தம் வராது. டிவிடி படம் 720க்கு 576தான், ஐ3-க்கே அது ஊதித் தள்ளுகிற வேலை. எனக்கு அது தேவைப்படாது. இரண்டு மணி நேர ஃபுல் எச்டி கல்யாணம் என்றால் பேச்சு வேறு.

கணக்கு டீச்சர் | புதன், மதியம் 1:10

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். இரண்டுமே ஓடவில்லை.

ஹேண்ட்பிரேக்கைத் திறந்ததும் டாட்நெட் டெஸ்க்டாப் ரன்டைம் வேண்டும் என்கிறது. அதை இன்ஸ்டால் செய்ய அட்மின் பாஸ்வேர்டு. சுற்றிச் சுற்றி அதே வாசலில் வந்து நிற்கிறேன். லாஸ்லெஸ்கட் ஜிப்பாகவே வரவில்லை, 7இசட் என்று வந்திருக்கிறது. இந்த விண்டோஸ் அதைத் திறக்க மாட்டேன் என்கிறது. இப்படியென்றால் போர்ட்டபிள் என்று ஏன் சொல்கிறார்கள்?

எடிட் டேபிள் | புதன், மதியம் 1:35

என் தவறுதான் டீச்சர். டாட்நெட் என்பது சில நிரல்கள் ஓடுவதற்குத் தேவைப்படுகிற துணைத் தொகுப்பு. என் மெஷினில் அது ஏற்கெனவே இருப்பதால் ஹேண்ட்பிரேக் அதைக் கேட்கும் என்பதே மறந்துவிட்டது. விண்டோஸ் 11-ஆக இருந்தால் 7இசட்டைத் தானே திறந்திருக்கும்.

7-ஜிப் தளத்தில் 7இசட்ஆர் என்று ஒரு குட்டி நிரல் தனியாகக் கிடைக்கும். இன்ஸ்டால் கிடையாது. லாஸ்லெஸ்கட் ஃபைல் இருக்கிற ஃபோல்டரில் அதைப் போட்டு, அண்ணன் சொன்ன மாதிரி கருப்புத் திரையைத் திறந்து, 7இசட்ஆர், இடைவெளி, எக்ஸ், இடைவெளி, பிறகு ஃபைல் பெயர். பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே எழுதிக்கொள்ளும். விரித்ததும் லாஸ்லெஸ்கட் ஓடும்.

பழைய ஹேண்டிகேம் | புதன், மதியம் 2:00

ஹேண்ட்பிரேக்கை விடுங்கள் டீச்சர். கையில் எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது, அதுவே டிவிடிக்கும் போதும்.

முதலில் டிவிடியை அப்படியே டி டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். டிஸ்க்கிலிருந்து நேராக மாற்றினால் ஒரு கீறலில் சிக்கி மொத்தமும் நிற்கும். காப்பி நடுவில் திணறினால் டிஸ்க்கை எடுத்து, பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். கீறல் வட்டமாக விழுந்தால் லேசர் போகிற தடத்தோடே ஓடும், நேராக விழுந்தால் குறுக்கே தாண்டிப் போய்விடும்.

வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரில் விடிஎஸ்_01_1, விடிஎஸ்_01_2 என்று 1 ஜிபி துண்டுகளாக விஓபி ஃபைல்கள் இருக்கும். அதே எண் வரிசையில் பூஜ்யம் என்று முடிகிறது மெனு, அதைச் சேர்க்காதீர்கள். 1-லிருந்து எல்லாவற்றையும் பழைய மாதிரியே சாய்கோடு பி போட்டு டிவிடி1 புள்ளி விஓபி என்று ஒட்டுங்கள்.

அடுத்த வரி: எஃப்எஃப்எம்பெக், ஹைஃபன் ஐ, டிவிடி1 புள்ளி விஓபி, ஹைஃபன் விஎஃப், யாடிஃப், ஹைஃபன் சி முக்காற்புள்ளி வி, லிப்எக்ஸ்264, ஹைஃபன் ப்ரீசெட், வெரிஃபாஸ்ட், ஹைஃபன் சிஆர்எஃப், 20, ஹைஃபன் சி முக்காற்புள்ளி ஏ, ஏஏசி, டிவிடி1 புள்ளி எம்பி4. காற்புள்ளி வருகிற இடமெல்லாம் இடைவெளி என்று கொள்ளுங்கள். யாடிஃப் என்பதன் ஆங்கில எழுத்துகள் ஒய், ஏ, டி, ஐ, எஃப்.

ஒருவரி | புதன், மதியம் 2:12

யாடிஃப் தேவையில்லை. டிவி தானே பார்த்துக்கொள்ளும்.

பழைய ஹேண்டிகேம் | புதன், மதியம் 2:30

டிவி பார்த்துக்கொள்ளும், ஐயா. ஸ்மார்ட் போர்டு பார்த்துக்கொள்ளாது. டிவிடி படம் ஒரு ஃப்ரேமை இரண்டு பாதியாக, ஒற்றை வரி ஒரு தடவை, இரட்டை வரி ஒரு தடவை என்று எடுத்தது. அப்படியே போட்டால் யார் கையை வீசினாலும் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி நிற்கும். ஆண்டு விழா என்றால் டான்ஸ்தான். அத்தனை குழந்தைகளின் கையிலும் சீப்பு இருந்தால் நன்றாகவா இருக்கும்? எம்டிஎஸ்ஸிலும் இதே சங்கதி இருக்கலாம். அதைக் காப்பி செய்ததால் நீக்க முடியாது. போர்டில் போட்டுப் பாருங்கள், கண்ணை உறுத்தவில்லை என்றால் விட்டுவிடலாம்.

ஒருவரி | புதன், மதியம் 2:33

சரி.

கணக்கு டீச்சர் | வியாழன், மாலை 6:20

டிவிடி இரண்டும் முடிந்தது. ஒன்றரை மணி நேரப் படம், ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்குள். கருப்புத் திரையைக் கண்டு பயந்தவள் இப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுகிறேன். "டீச்சர் ஹேக்கிங் பண்றாங்க" என்று பள்ளி முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

லாஸ்லெஸ்கட்டும் ஓடுகிறது. எம்டிஎஸ்ஸிலிருந்து வந்ததை வெட்டினால் குறித்த இடத்துக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. டிவிடியிலிருந்து வந்ததுதான் வம்பு செய்கிறது. சார் மைக்கைப் பிடிக்கிற இடத்தைக் குறித்தால், ஏழெட்டு வினாடி முன்னாலிருந்து, வரவேற்புரை சொன்னவர் படியிறங்குவதிலிருந்தே ஆரம்பிக்கிறது. எத்தனை தடவை குறித்தாலும் அப்படியே. நாளை மதியம் விழா.

பழைய ஹேண்டிகேம் | வியாழன், மாலை 6:45

அது என் தப்பு டீச்சர். அரைக்காமல் வெட்டும்போது முழுப் படமாகச் சேமித்த ஃப்ரேமில்தான் கத்தி இறங்கும். அதைக் கீஃப்ரேம் என்பார்கள். நடுவில் இருக்கிறவை முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும்தான். கேமரா ஒரு வினாடிக்குள் ஒன்று வைத்துவிடும். எக்ஸ்264-ஐச் சும்மா விட்டால் 250 ஃப்ரேம் வரை இழுக்கும். நம் ஊர் டிவிடி வினாடிக்கு 25 ஃப்ரேம், நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அதே வரியில் சிஆர்எஃப் 20-க்கு அடுத்து ஹைஃபன் ஜி, இடைவெளி, 25 என்று சேர்த்து இன்னொரு தடவை ஓட்டுங்கள். வினாடிக்கு ஒரு கீஃப்ரேம் விழும். ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், கவலையில்லை.

துண்டுகளையெல்லாம் ஒரே ஃபைலாக ஒட்டப் பார்க்காதீர்கள். எம்டிஎஸ் துண்டின் அளவும் டிவிடி துண்டின் அளவும் வேறு வேறு, அரைக்காமல் ஒட்டினால் நடுவில் கோளாறு செய்யும். பெயரை மட்டும் 01, 02, 03 என்று வையுங்கள். வெறும் 1, 2 என்று வைத்தால் சில போர்டு 1-க்கு அடுத்து 10-ஐ ஓட்டும்.

கணக்கு டீச்சர் | வெள்ளி, இரவு 9:15

250ஐ 25ஆல் வகுத்தால் பத்து வினாடி. அந்த வரியைப் படித்ததுமே எழுந்து லேபுக்குப் போய்விட்டேன். வாட்ச்மேன் அண்ணன் எட்டு மணி வரை திறந்து வைத்திருந்தார்.

மொத்தம் 14 துண்டு, 22 நிமிடம், 2 ஜிபி-கூட இல்லை. காலையிலேயே ஹாலில் ஒத்திகை பார்த்தோம். ஏஏசி ஆக்காத ஒரு துண்டைச் சோதனைக்காகப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே ஊமைப் படம். மற்றவை எல்லாம் சத்தத்தோடு. எம்டிஎஸ்ஸில் ஓட்டப் பந்தயத்தில் கொஞ்சம் சீப்பு தெரிந்தது. பின்வரிசையில் உட்கார்ந்தால் தெரியவில்லை, விட்டுவிட்டோம்.

2009-இல் சாருக்குத் தலை முழுக்கக் கருப்பு. பிள்ளைகள் அதற்கே கத்தித் தீர்த்தார்கள். 2013-இல் மழை தூற ஆரம்பித்ததும், பரிசு மேஜையில் இருந்த சான்றிதழ்களைத் தன் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, ஒலிபெருக்கிக்காரருக்குக் குடை பிடித்தபடி நிற்கிறார். அந்தக் கன்வெர்ட்டரின் பெயர் குறுக்கே விழுந்திருந்ததும் அந்த இடத்தில்தான். அதைப் பார்த்ததும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், படம் முடிகிற வரை மாட்டவே இல்லை.

எல்லோருக்கும் நன்றி. ஒருவரி சாருக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. விழா முடிந்ததும் சாரின் மனைவி ஒரு மஞ்சப்பையைக் கொடுத்தார். உள்ளே ஒரு விஎச்எஸ் கேசட், 1991-இல் நடந்த அவர்கள் கல்யாணம். "இதையும் இப்படிப் போட்டுத் தர முடியுமாம்மா" என்று கேட்கிறார். இதற்கும் இன்ஸ்டால் செய்யாமல் ஓடுகிற ஏதாவது உண்டா?

பழைய ஹேண்டிகேம் | வெள்ளி, இரவு 9:40

அதற்குக் கேசட் ஓட்டுகிற டெக் வேண்டும் டீச்சர், சாஃப்ட்வேரில் நடக்காது. கேசட்டின் ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக மாவு பூத்த மாதிரி இருக்கிறதா? இருந்தால் யார் டெக்கிலும் போட விடாதீர்கள். பூஞ்சணம் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், டேப்பும் கிழியும். வெள்ளை இல்லையென்றால் எடுத்து வாருங்கள். என் கடைப் பரணில் ஒரு டெக் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இறக்கி ஹெட்டைத் துடைத்து வைக்கிறேன். கேசட்டைச் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தால் போதும். மூன்று மணி நேரக் கல்யாணம் என்றால் மூன்று மணி நேரமும் உட்கார்ந்துதான் ஏற்ற வேண்டும். இதில் மட்டும் சி காப்பி கிடையாது.